கேட்டில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் என் அக்கா மகன் இரண்டு ஆஃபர் லெட்டரை மேசைமேல் வைத்தான். கீழக்கரைப் பக்கம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். தொங்கிக்கொண்டிருந்த ஒரு அரியரையும் முடித்துவிட்டான். முதல் கடிதம் சென்னை ஒரகடம் பக்கம், உலகமெல்லாம் பெயர் தெரிந்த ஒரு கம்பெனி வேலைக்கு. மாதம் 19,500 என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இரண்டாவது கோயம்புத்தூரில் மோட்டாரும் மின் கட்டுப்பாட்டுப் பேனலும் செய்கிற நடுத்தரக் கம்பெனி. அதில் 15,000. "இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?" என்றான்.

முதல் கடிதத்தை மேலும் கீழும் பார்த்தேன். அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் "பணியிடம்" என்ற வரியில் மட்டும்தான் இருந்தது. தலைப்பிலும் கீழே முத்திரையிலும் வேறு பெயர்: ஆள் அனுப்பும் ஏஜென்சி. அப்போதே பாதி விஷயம் விளங்கிவிட்டது. மீதியைப் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டோம். எண்களைக் கொஞ்சம் உருட்டித்தான் எழுதுகிறேன், கணக்கின் போக்கு மாறாது.

19,500 என்பது சி.டி.சி., அதாவது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதற்குள் முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கு 1,560, இ.எஸ்.ஐ. பங்கு 530 சொச்சம், வருடக் கடைசியில் வர வேண்டிய போனஸை மாதாமாதம் பிரித்த 1,000, எல்லாம் அடக்கம். அவற்றைக் கழித்தால் மொத்தச் சம்பளம் 16,400. அதில் அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் 12,000. அதன்மேல் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 123. கையில் 14,837. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடிப்பது 3,000. மிச்சம் 11,837.

கோயம்புத்தூர் கடிதத்தில் 15,000 என்பது மொத்தச் சம்பளமே. முதலாளி பங்கும் போனஸும் அதற்கு வெளியே. அடிப்படை 11,000. பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 113 போக 13,567. நாலு பேர் சேர்ந்து எடுக்கிற அறையும் கேன்டீனும் 2,500 என்று வைத்தால் மிச்சம் 11,067. 4,500 ரூபாய் என்று தெரிந்த வித்தியாசம் 770 ரூபாயில் வந்து நின்றது.  தவிர, முதல் கடிதத்தின் 16,400-க்குள் 1,500 "வருகை ஊக்கத்தொகை". மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலும் அது போச்சு.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப எதை வச்சுத்தான் பாக்குறது?" என்றான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான். கடற்கரையில் இன்று ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பையன் இருக்கிற வீட்டிலெல்லாம் இதே பேச்சு ஓடுகிறது.

ஏன் இங்கே இவ்வளவு ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மற்ற நாட்களில் எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகையும் ஆளையும் பிடித்துக்கொண்டு போகிற பயம். "நம்மளோட போகட்டும், பிள்ளை கரையில ஒரு வேலைக்குப் போகட்டும்" என்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சொல்லாத தகப்பன் குறைவு. உள்நாட்டுப் பக்கம் முதுகுளத்தூர், கமுதி என்றால் மழையை நம்பித்தான் பிழைப்பு. 2018-ல் மத்திய அரசு வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் அதில் இடம்பிடித்தவை இரண்டே இரண்டு: விருதுநகரும் ராமநாதபுரமும். கரன்ட் உற்பத்திக்கு இந்த மாவட்டத்தில் குறையில்லை. வழுதூரில் எரிவாயு மின் நிலையம் ஓடுகிறது, கமுதியில் சூரிய மின் நிலையம் இருக்கிறது. ஆனால் கரன்டுக்கு வேண்டிய சாமான் செய்கிற பெரிய தொழிற்சாலை இங்கே ஒன்றுகூட இல்லை. அதனால் பெட்டி கட்டித்தான் ஆக வேண்டும்.

பெயர்ப்பலகை மாறும்

கமுதியையே எடுத்துக்கொள்வோம். 2016-ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் சோலார் பேனல், அன்றைக்கு ஓரிடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையம். அந்தக் கரன்டை மேலே ஏற்ற ஐந்து துணை மின் நிலையங்களைக் கட்டிக்கொடுத்தது ஏபிபி என்கிற மின்சாதனக் கம்பெனி. நாலே வருடத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த முதலாளி மாறிவிட்டார். ஏபிபி தன் பவர் கிரிட் (மின்கட்டமைப்பு) வணிகத்தை 2020-ல் ஹிட்டாச்சிக்கு விற்றது. 2021-ல் அது ஹிட்டாச்சி எனர்ஜி ஆனது. அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே வரைபடம், அதே எஞ்சினியர். சம்பளச் சீட்டின் தலைப்பு மட்டும் புதுசு.

இது இந்தத் தொழிலில் வாடிக்கை. எல் அண்ட் டி தன் மின்சாதனப் பிரிவை 14,000 கோடி ரூபாய்க்கு ஷ்னைடருக்குக் கைமாற்றியது 2020-ல். வீட்டு மெயின் போர்டில் எல் அண்ட் டி சுவிட்சைப் பார்த்து வளர்ந்த எலக்ட்ரீஷியன்கள் இப்போது அதே சரக்கை லாரிட்ஸ் நுட்சன் என்று வாங்குகிறார்கள். (அந்தப் பெயரை எங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்காரர் இன்னும் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்லிக் கேட்டதில்லை.) சீமென்ஸ் தன் இந்திய எனர்ஜி வணிகத்தைப் பிரித்துத் தனிக் கம்பெனியாகப் பங்குச் சந்தையில் இறக்கியது 2025-ல். பல்லாவரம் தொழிற்சாலையின் கதை இன்னும் நீளம்: இங்கிலீஷ் எலக்ட்ரிக் என்று ஆரம்பித்து, ஜி.இ.சி., ஆல்ஸ்டாம், அரேவா, மறுபடி ஆல்ஸ்டாம், ஜி.இ. என்று வந்து இன்று ஜி.இ. வெர்னோவா. அந்தக் கேட்டுக்குள் இருபது வயதில் நுழைந்து அறுபதில் ஓய்வு பெற்றவர் ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடியே ஐந்தாறு முதலாளிகளைப் பார்த்திருப்பார்.

அதனால்தான் "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" என்று பெயரை வைத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெயர் கெட்டது என்று சொல்லவில்லை. பெரிய கம்பெனியில் பாதுகாப்பும் பயிற்சியும் பொதுவாக மேல். ஆனால் அதெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது என்பது உங்கள் பெயர் எந்த ரோலில், அதாவது எந்த ஆள் பட்டியலில், ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நாலு விதமான ரோல்

ஒரே லைனில், ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டு நிற்கிற நாலு பேர் நாலு விதமான ஆட்களாக இருக்கலாம். ஒருவர் நிரந்தரம். ஒருவர் கம்பெனியே நேரடியாக இரண்டு, மூன்று வருடம் என்று எழுதி எடுத்த குறிப்பிட்ட கால ஒப்பந்தக்காரர். ஒருவர் ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட். இன்னொருவர் அப்ரன்டிஸ்.

அப்ரன்டிஸ் என்பதில்தான் நம் ஊரில் குழப்பம் அதிகம். 1961-ம் வருடச் சட்டப்படி அப்ரன்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. 2019 திருத்தம் குறைந்தபட்ச உதவித்தொகையைப் படிப்புக்கு ஏற்ப 5,000 முதல் 9,000 வரை வைத்தது. நல்ல கம்பெனிகள் அதற்கு மேலேயே கொடுக்கின்றன. திருச்சி பெல் வருடாவருடம் எடுக்கும் அப்ரன்டிஸ்களில் நம் மாவட்டத்துப் பையன்களும் உண்டு. வீட்டில் "பையன் பெல்லுல சேந்துட்டான்" என்று லட்டு கொடுப்பார்கள். ஒரு வருடம் கழித்துச் சான்றிதழோடு திரும்பி வரும்போது, "ஏன் நிறுத்திட்டாங்க?" என்பார்கள். யாரும் நிறுத்தவில்லை, அது ஒரு வருடப் பயிற்சிதான். அந்தச் சான்றிதழுக்கு வெளியே நல்ல மதிப்பு உண்டு, அதில் சந்தேகமில்லை. வேலை என்று நினைத்துப் போனால்தான் ஏமாற்றம்.

கான்ட்ராக்டில் சட்டப்படி பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். ஏஜென்சி மாறும். அதே லைன், அதே இயந்திரம், அதே சூப்பர்வைசர். ஏஜென்சி மாறியதும் நீங்கள் காகிதத்தில் புது ஆள். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கிடைக்கிற பணிக்கொடைக்கு, பொதுவாகத் தொடர்ந்து 5 வருடம் வேண்டும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை காகிதம் புதுசாகிக்கொண்டே இருந்தால் அந்த 5 வருடம் எங்கே சேரும்? நானே பட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஸ்விட்ச்கியர் (மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் சாதனம்) செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடத்துக்கும் மேலாக ஒரே பெஞ்சில் நின்றேன். வெளியே வந்தபோது எனக்கு மூன்று ஏஜென்சி, மூன்று யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்). மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பி.எஃப். கிடந்தது. ஒன்றில் என் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. அந்த ஒரு எழுத்தைத் திருத்த மதுரைக்கு நாலு தடவை பஸ் ஏறினேன். கிராஜுவிட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

யு.ஏ.என். என்பது ஆளுக்கு ஒன்றுதான். எத்தனை முதலாளி மாறினாலும் அதே எண்ணைக் கொடுத்து, அதில்தான் ஏற்றச் சொல்ல வேண்டும். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருடச் சேவை வேண்டும். எண் சிதறினால் வருடமும் சிதறும். புதுப் பையன்கள் இதையாவது முதல் நாளே பிடித்துக்கொள்ளலாம்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தைப் பலர் கான்ட்ராக்ட் என்றே நினைத்து ஒதுக்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. இதில் கடிதம் தருவது கம்பெனியே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி இந்த வகை ஆட்களுக்கு ஒரு வருடச் சேவைக்கே கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சுண்டைக்காயாக வைத்து மற்றதையெல்லாம் படி என்று காட்டுகிற பழக்கத்துக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு கடிவாளம் இருக்கிறது. படிகள் பாதிக்கு மேல் போனால், பாதியைத் தாண்டிய பகுதியைச் சம்பளமாகவே கணக்கில் எடுப்பார்கள். என் கணக்கில் நிரந்தரம் கிடைக்காத இடத்தில் இதுதான் அடுத்த நல்லது.

எந்த பெஞ்சில் உட்கார வைப்பார்கள்

ரோலுக்கு அடுத்து நான் பார்ப்பது வேலையை. சம்பளத்தைக்கூட அதற்குப் பிறகுதான். ஏனென்றால் எங்கள் கடற்கரைப் பையன்கள் போன இடத்திலேயே தங்கிவிடுவது குறைவு. நாலைந்து வருடத்தில் ஒன்று வளைகுடாவுக்குப் போகிறார்கள், இல்லை ஊர் திரும்புகிறார்கள். அப்போது கூட வருவது கையில் இருக்கிற தொழில்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையைச் சொல்கிறேன், எனக்கு அது கொஞ்சம் தெரியும். முதலில் கோர். 0.23, 0.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் ஸ்டீல் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கில் அடுக்குவார்கள். மூலையில் தகடும் தகடும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்தால், ஓரத்தில் பிசிறு இருந்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆயுசு முழுக்கச் சும்மா நின்றபடியே கரன்ட் தின்னும். அடுத்து வைண்டிங். காகிதம் சுற்றிய செம்புப் பட்டையை அச்சின்மேல் சுற்றுவது. இயந்திரம் சுழலும், ஆனால் பட்டையை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, எங்கே மாற்றிப் போடுவது என்பதெல்லாம் கைதான். பெரிய காயில் ஒன்று முடிய நாள்கணக்கில் ஆகும். நல்ல வைண்டர் பக்கத்தில் நின்றால் பேச மாட்டார், வாய்க்குள்ளேயே சுற்று எண்ணிக்கொண்டிருப்பார். பிறகு அடுப்பில் வைத்துக் காகிதத்தின் ஈரத்தை உறிஞ்சி எடுத்து, தொட்டிக்குள் இறக்கி, எண்ணெய் நிரப்புவார்கள்.

கடைசியில் டெஸ்ட் பே, அதாவது சோதனை செய்யும் இடம். ரேஷியோ, வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், சும்மா இருக்கும்போது இழப்பு, சுமையோடு இழப்பு, இன்சுலேஷன், பெரியவற்றுக்குச் செயற்கை மின்னலை விட்டுப் பார்க்கும் இம்பல்ஸ் டெஸ்ட். ஐ.எஸ். 2026 என்ற தரநிலையில் எது எப்படி என்று எழுதியிருக்கும். இங்கே இரண்டு வருடம் நிற்கிற பையன் ரிப்போர்ட் வாசிக்கக் கற்றுவிடுவான். எண் தப்பினால் கோளாறு எங்கே என்று சொல்வான். சைட்டில் புது டிரான்ஸ்ஃபார்மரை இயக்கி வைக்கக் கூப்பிடுவது அவனைத்தான். கமுதியானாலும் குவைத் ஆனாலும் அந்தக் கைக்கு மரியாதை உண்டு. "டெஸ்டிங்கில போடுவீங்களா?" என்று ஒரு கேள்வியை இன்டர்வியூவில் கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது.

பேனல் வயரிங்கும் நல்ல தொழில். வரைபடத்தைப் பார்த்து வயர் இழுத்து, நுனியில் லக் கிரிம்ப் செய்து, ஃபெரூலில் எண் போட்டு, பஸ்பார் போல்ட்டை டார்க் ரென்ச்சால் இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாகப் பெயின்ட் கோடு போடுவது. வெளியே பார்த்தால் பின்னல் வேலை மாதிரி. வரைபடம் வாசிக்கக் கற்றவன் பிழைத்துக்கொள்வான்; சொன்ன வயரைச் சொன்ன முனையில் மட்டும் மாட்டிக்கொண்டிருப்பவன் மூன்று வருடம் கழித்தும் அதையேதான் செய்துகொண்டிருப்பான்.

கோயம்புத்தூரை எங்கள் பக்கத்தில் இளக்காரமாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. பெரிய பெயர்கள் எல்லாம் சென்னையில் என்பதால். ஆனால் மோட்டார்த் தொழில் அங்கேதான் வேர்விட்டது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின, பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைக்காரர்கள் மோட்டாரையே செய்யத் தொடங்கினார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் செய்ததைத்தான் இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் என்பார்கள். அங்கே நடுத்தரக் கம்பெனியில் ஒரே ஆளுக்கு ஸ்டேட்டர் வைண்டிங், வார்னிஷ், மெகரால் இன்சுலேஷன் பார்ப்பது, அசெம்பிளி என்று எல்லா மேசையும் பழக வாய்ப்புண்டு. பெரிய தொழிற்சாலையில் ஒரே மேசையோடு முடிந்துவிடும். குறையும் சொல்ல வேண்டும்: பம்ப் மோட்டார் ஆர்டர் கோடையில் எகிறும், மழையில் படுக்கும். ஓ.டி.யை நம்பிக் கடன் வாங்கியவர்கள் அப்போது தவிப்பார்கள்.

அந்த மோட்டார்த் தொழில் கற்றவனுக்கு நம் கடற்கரையில் சோறு உண்டு. மண்டபம், ராமேசுவரத்து ஐஸ் பிளான்ட் மோட்டார்கள், இறால் பண்ணையில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் மோட்டார்கள், வாலிநோக்கம் உப்பளத்துப் பம்புகள், எல்லாமே உப்புக் காற்றில்தான் ஓடுகின்றன. இன்சுலேட்டர்மேல் உப்பு படிந்து, பனி விழுந்ததும் பொறி பறக்கும். பேரிங் சீக்கிரம் போகும், வைண்டிங் எரியும். ராமநாதபுரத்து ரீவைண்டிங் கடைகளில் எரிந்த ஸ்டேட்டர்கள் வரிசையில் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சோலார் பேனல் தொழிற்சாலை வேறு ரகம். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாட்டாவின் 4.3 கிகாவாட் ஆலை வந்தபிறகு தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நமக்குக் கிட்டே இருக்கிற பெரிய ஆலையும் அதுதான். சாயல்குடி, தூத்துக்குடி வழியாகப் பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். வேலை சுத்தமானது. ஆனால் செல்களைக் கோப்பது, கண்ணாடியோடு ஒட்டுவது, படம் எடுத்து விரிசல் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் இயந்திரம். ஆள் அதைக் கண்காணிப்பவர். அங்கே சேர்ந்தால் லைனோடு நின்றுவிடாமல் மெயின்டனன்ஸ் பக்கம், தரப் பரிசோதனைப் பக்கம் போக வழி இருக்கிறதா என்று கேட்டு வைப்பது நல்லது. வீட்டுக்குக் கிட்டே, பெண்பிள்ளை, ஹாஸ்டல் என்று பார்த்தால் இதைவிட ஒரகடம் மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறவை

ஆஃபர் லெட்டரில் இல்லாததை இரண்டு இடத்தில் பார்க்கலாம். இரண்டும் இலவசம், இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

ஒன்று, பி.எஃப். இணையதளத்தில் நிறுவனங்களைத் தேடும் பக்கம். ஏஜென்சியின் பெயரைப் போட்டால் அது எந்த மாதம், எத்தனை பேருக்கு, எவ்வளவு பணம் கட்டியது என்று வரும். "எங்ககிட்ட 800 பேர் இருக்காங்க" என்று சொன்ன ஆள் 90 பேருக்குத்தான் கட்டுகிறார் என்றால் அங்கேயே கேள்வியை முடித்துக்கொள்ளலாம். மாதங்கள் விட்டு விட்டு இருந்தாலும் உஷாராக வேண்டும்.

இரண்டாவது, பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் ஆண்டறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்துக்குள் வருகிற கம்பெனிகள் 2022-23 முதல் தங்கள் பொறுப்பறிக்கை ஒன்றையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. பங்கு வாங்குகிறவர்களுக்காக வந்தது என்றாலும் வேலை தேடுகிறவனுக்குத்தான் அது புதையல். தொழிலாளர்களில் நிரந்தரம் எத்தனை பேர், நிரந்தரம் அல்லாதவர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, வருடத்தில் எத்தனை சதவீதம் பேர் விட்டுப் போனார்கள், வேலைநேர விபத்து எவ்வளவு, உயிரிழப்பு உண்டா, எல்லாம் அட்டவணையாக இருக்கும். இங்கிலீஷில் இருக்கும், நூறு பக்கத்துக்கு மேல் போகும். "Other than permanent" (நிரந்தரம் அல்லாதோர்) என்ற வரியை மட்டும் தேடினால் போதும். நிரந்தரத்தைவிட மற்றவர் இரண்டு மடங்கு என்றால், "ஒரு வருஷத்துல கன்ஃபர்ம் பண்ணிடுவாங்க" என்று ஏஜென்சிக்காரர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கோயம்புத்தூர் நடுத்தரக் கம்பெனிகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தையில் இல்லை. அவற்றுக்கு இந்த அறிக்கை கிடைக்காது. பி.எஃப். பக்கத்தைப் பார்க்கலாம், அப்புறம் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்காரலாம். ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் வருகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். சட்டம் இரட்டிப்பு என்கிறது. பல இடத்தில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

இன்னொரு விஷயம், ஆர்டர். 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் இல்லாத 500 கிகாவாட் திறன் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. அந்தக் கரன்டைக் கொண்டுபோக டிரான்ஸ்ஃபார்மரும் சுவிட்ச்கியரும் வேண்டும். உலகம் முழுக்கவே தட்டுப்பாடு. அதனால் இப்போதைக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆலைகளில் வேலைக்குக் குறைவில்லை. பெல் மாதிரி கொதிகலன் செய்கிற இடத்துக்கு நிலக்கரி மின்நிலைய ஆர்டர் வேண்டும். அது சில வருடம் வறண்டு, பிறகு திரும்பியது. எந்தச் சாமானுக்கு இன்று கிராக்கி என்பது எந்தக் கம்பெனிக்குப் பெயர் என்பதைவிட முக்கியம்.

தூரத்தையும் காசாக மாற்றிப் பார்க்க வேண்டும். சென்னைக்கு ரயிலில் ஒரு இரவு. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் ரயில் மண்டபத்தைத் தாண்டவில்லை. தீவுக்காரப் பையன்கள் ஊருக்கு வர இன்னொரு பஸ் ஏறினார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று வருடத்தில் ஆறு தடவை வந்துபோனால் டிக்கெட்டும் சம்பளமில்லா லீவும் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

டீக்கடையிலிருந்தே அவன் இரண்டு இடத்துக்கும் போன் போட்டான். கோயம்புத்தூரில் எடுத்தவர், முதல் ஆறு மாதம் வைண்டிங், உள்தேர்வு பாஸானால் டெஸ்டிங், கடிதம் கம்பெனியின் பெயரிலேயே, மூன்று வருட ஒப்பந்தம் என்று சொன்னார். ஏஜென்சிக்காரர், "எந்த டிபார்ட்மென்ட்னு சேந்த பொறவுதான் தெரியும் தம்பி, நாளைக்குள்ள ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோட வாங்க" என்றார். ஒரிஜினலை யார் கேட்டாலும் கையில் கொடுக்காதே, காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினோம். ரோல், பி.எஃப்., டெஸ்ட் பே, எல்லாம். அக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும்டா, ஆடி அமாவாசைக்கு லீவு குடுப்பானா? அப்பாவுக்கு அக்னி தீர்த்தத்துல தர்ப்பணம் குடுக்கணும்ல?" என்றாள்.

நானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் லீவுக்கு ஒரு இடத்தில் 1,500 ரூபாய் போகும். இன்னொரு இடத்தில் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவன் மறுபடி போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான்.